உயர்நிலைப் பள்ளியில் சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களுக்கான கலைத்திட்ட வடிவமைப்பு

சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களுக்கான கலைத்திட்ட வடிவமைப்பு என்பது, உடல், புலன், அறிவு அல்லது கற்றல் சார்ந்த குறைபாடு காரணமாகப் பொதுவான பாட ஏற்பாட்டை அப்படியே பின்பற்ற இயலாத மாணவர் எதைக் கற்பார், எவ்வழியில் கற்பார், எவ்வளவு காலத்தில் கற்பார், கற்றதை எவ்வாறு வெளிப்படுத்துவார் என்பதை முன்கூட்டியே திட்டமிடும் பணி ஆகும். இக்கட்டுரை இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், 9, 10 ஆகிய உயர்நிலை வகுப்புகளில் இப்பணி எவ்வாறு அமைகிறது என்பதை விளக்குகிறது.

கலைத்திட்டம், பாடத்திட்டம், பாடநூல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. பாடநூல் என்பது கையில் உள்ள புத்தகம். பாடத்திட்டம் என்பது ஓராண்டில் கற்பிக்க வேண்டிய தலைப்புகளின் வரிசை. கலைத்திட்டம் இவ்விரண்டையும் தன்னுள் அடக்கியது. நோக்கம், கற்பிக்கும் முறை, கால அட்டவணை, துணைக்கருவி, மதிப்பீடு, பள்ளிக்கு வெளியே பெறும் பயிற்சி ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இவ்வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான், சிறப்புத் தேவையுள்ள மாணவருக்குக் கலைத்திட்டம் அமைக்கச் சொன்னால், பாடநூலில் சில பக்கங்களை அடித்துவிட்டுப் பணி முடிந்தது என்று கருதும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது.

பின்னணி

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887-ஆம் ஆண்டு அமிர்தசரசில் தொடங்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையிலும் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தனித்தனிப் பள்ளிகள் தோன்றின. அன்றைய நிலையில் தனிப்பள்ளி ஒன்றே வழியாக இருந்தது. 1974-ஆம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டமே, இக்குழந்தைகள் பொதுப் பள்ளிக்குள் வர ஒழுங்கான ஏற்பாட்டைச் செய்தது. இங்கிலாந்தில் 1978-இல் வெளியான வார்னாக் குழுவின் அறிக்கை, குழந்தையைக் குறைபாட்டின் பெயரால் வகைப்படுத்துவதை விட அதன் கல்வித் தேவை என்ன என்று கேட்பதே பயன் தரும் என்னும் கருத்தைப் பரப்பியது. ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் 1994-இல் வெளியிடப்பட்ட அறிக்கை, எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் கற்கும் உள்ளடங்கிய கல்வியை உலக நாடுகளின் கொள்கையாக முன்வைத்தது.

இன்று இந்தியாவில் இதற்கு அடிப்படையாக விளங்குவது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும், ஆட்டிசமும் இப்பட்டியலில் உள்ளன. கல்வி உரிமைச் சட்டம் பொதுவாக 6 முதல் 14 வயது வரை பேசுகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள குழந்தைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையை அளிக்கிறது. அதாவது எட்டாம் வகுப்போடு கடமை முடிந்தது என்று பள்ளி கைகழுவ முடியாது. கலைத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம் செய்ய வேண்டும் என்று இச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றை எடுத்துக்காட்டாகவும் குறிப்பிடுகிறது. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கென 2009-இல் தனியாகத் தொடங்கப்பட்ட திட்டம், பின்னர் 2018-இல் உருவான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அடங்கிவிட்டது.

உயர்நிலை வகுப்பு ஏன் வேறுபட்டது

தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் குழந்தையுடன் இருக்கிறார். குழந்தை எப்போது சோர்வடையும், எந்தப் பக்கம் அமர்ந்தால் நன்றாகக் கேட்கும் என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் அவருக்குப் பழகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பாடங்களுக்கு ஐந்து ஆசிரியர்கள் வருகின்றனர். ஒவ்வொருவரும் மாணவரைக் காண்பது ஒரு நாளில் ஏறத்தாழ 40 நிமிடம். தமிழாசிரியர் கண்டறிந்த ஒரு செய்தி கணித ஆசிரியரை எட்டுவதில்லை. பிள்ளையின் இடது காதில் மட்டுமே கேட்கும் என்பதை வகுப்பாசிரியர் அறிந்திருப்பார். அறிவியல் ஆசிரியர் அரையாண்டுத் தேர்வு வரை அறியாமல், பிள்ளைக்குக் கவனம் போதாது என்று எழுதியிருப்பார்.

பாடப்பொருளும் இவ்வகுப்புகளில் தன்மை மாறுகிறது. பார்த்தும் தொட்டும் அறிந்தவற்றிலிருந்து இயற்கணிதம், ஒளிவிலகல், அரசியலமைப்பு போன்ற கருத்து நிலைக்குப் பாடங்கள் நகர்கின்றன. இவற்றோடு பருவ வயதும் சேர்ந்துகொள்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை, மற்றவர் முன் தன்னைத் தனியாக அழைத்துச் செல்வதை விரும்பாது. உதவியே வேண்டாம் என்று மறுக்கவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்தாம் வகுப்பின் முடிவில் பொதுத்தேர்வு நிற்கிறது. ஐந்து பாடம், 500 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பதினொன்றாம் வகுப்பு இல்லை; பல வேலைகளுக்கு விண்ணப்பிக்கவும் இயலாது.

இலக்கை மாற்றுவதும் வழியை மாற்றுவதும்

கலைத்திட்டத்தைத் தகவமைப்பதில் இரண்டு நிலைகள் உண்டு. முதலாவது, இலக்கு அப்படியே இருக்க, அதை அடையும் வழியை மட்டும் மாற்றுவது. பிரெய்ல் புத்தகம், பெரிய எழுத்து அச்சு, முன்வரிசை இருக்கை, கூடுதல் நேரம், வாய்மொழி விடை ஆகியவை இவ்வகை. பார்வையற்ற மாணவர் பிரெய்லில் படித்தாலும் அதே பாடத்தைத்தான் படிக்கிறார். இரண்டாவது, இலக்கையே குறைப்பது அல்லது வேறொன்றாக மாற்றுவது. அறிவுசார் குறைபாடு உள்ள மாணவருக்கு இருபடிச் சமன்பாட்டுக்குப் பதிலாக வரவு செலவுக் கணக்கைக் கற்பிப்பது இவ்வகை.

முதல் வகையால் போதுமான இடத்தில் இரண்டாம் வகைக்குப் போவதே இத்துறையில் மிகுதியாக நடக்கும் பிழை. அது கண்ணுக்குத் தெரியாத பிழையும்கூட. ஏனெனில் பாடத்தைக் குறைத்தவுடன் மாணவர் நன்றாகச் செய்கிறார், ஆசிரியரும் பெற்றோரும் மகிழ்கின்றனர். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் கணிதத்திலிருந்தும் அறிவியலிலிருந்தும் நெடுங்காலம் விலக்கி வைக்கப்பட்டது இப்படித்தான். அவர்களால் கணிதம் கற்க முடியாது என்று யாரும் நிறுவியதில்லை. தொட்டுணரும் படங்களைத் தயாரிப்பதைவிட விலக்கு அளிப்பது எளிதாக இருந்தது.

ஆகவே வடிவமைப்பில் முதற்படி, ஒவ்வொரு பாடத்திலும் கைவிடவே கூடாத கருத்து எது என்று தீர்மானிப்பது. அடுத்த படி, மாணவருக்குத் தடையாக இருப்பது அந்தக் கருத்தா, அல்லது அது வந்து சேரும் வடிவமா என்று பார்ப்பது. தடை வடிவத்தில் இருந்தால் வடிவத்தை மட்டும் மாற்ற வேண்டும். அமெரிக்காவில் வளர்ந்த 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு' என்னும் அணுகுமுறை இதையே முன்கூட்டிச் செய்யச் சொல்கிறது: பாடத்தைப் பல வழிகளில் வழங்குதல், மாணவர் பல வழிகளில் விடை தர இடமளித்தல், ஆர்வத்தைப் பல வழிகளில் தூண்டுதல்.

ஒரு பாடம், ஐந்து மாணவர்

பத்தாம் வகுப்பு வடிவியலில் வரும் பிதாகரஸ் தேற்றத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்க வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம் என்பதே கைவிடக் கூடாத கருத்து. தேற்றத்தைக் கூறுதல், நிறுவுதல், பயன்படுத்துதல் என்று இது மூன்று திறன்களாகப் பிரியும்.

பார்வையற்ற மாணவருக்கு ரப்பர் விரிப்பின் மேல் குண்டூசியும் நூலும் கொண்டு முக்கோணத்தை அமைத்துத் தரலாம். மூன்று பக்கங்களிலும் கெட்டி அட்டையில் வெட்டிய சதுரக் கட்டங்களை ஒட்டி, 9 கட்டமும் 16 கட்டமும் சேர்ந்து 25 ஆவதை விரலால் எண்ணச் செய்யலாம். கண்ணால் பார்ப்பவர் முழுப் படத்தையும் ஒரே நொடியில் காண்கிறார்; விரலால் அறிபவர் பகுதி பகுதியாகத் தொட்டு மனத்தில் சேர்க்கிறார். எனவே ஒரு படத்துக்கு மூன்று மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும். படத்தில் தேவையற்ற கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கரும்பலகையில் எழுதும்போது 'இதையும் இதையும் கூட்டினால் இது' என்று சொல்லும் பழக்கத்தை ஆசிரியர் விட வேண்டும். பக்கத்தின் பெயரைச் சொல்லிக் கற்பித்தால் மற்ற மாணவர்களுக்கும் பாடம் தெளிவாகும்.

செவித்திறன் குறைபாடு உள்ள மாணவருக்குப் படத்தில் இடர்ப்பாடு இல்லை. அவருக்குத் தடை மொழி. 'எனில்', 'ஆகவே', 'ஏனெனில்', 'எனக் கொள்வோம்' ஆகிய இணைப்புச் சொற்களே ஒரு நிறுவலைத் தாங்குகின்றன. பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு இச்சொற்கள் காதில் விழுந்து பழகியவை அல்ல. ஆகவே தேற்றத்துக்கு முன்பே இச்சொற்களைத் தனி அட்டைகளில் எழுதி, எளிய அன்றாட எடுத்துக்காட்டுகளோடும் சைகை மொழியோடும் பயிற்ற வேண்டும். ஆசிரியர் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் உதட்டசைவும் தெரியாது. எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசுவது செலவில்லாத தகவமைப்பு.

கற்றல் குறைபாடு உள்ள மாணவர் தேற்றத்தை வாயால் விளக்கிவிடுவார். 35 என்பதை 53 என்று பலகையிலிருந்து பார்த்து எழுதி விடையைத் தவறவிடுவார். இவருக்குக் கட்டமிட்ட தாள், படிகளை வரிசைப்படுத்திய அட்டை, பார்த்தெழுதுவதற்குப் பதில் அச்சிட்ட குறிப்பு ஆகியவை போதும். மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும் மாணவர் கவராயத்தைப் பிடிக்க முடியாதபோது, அவர் சொல்லச் சொல்ல உடன் அமர்ந்தவர் வரையலாம்; எந்தப் புள்ளியில் முனையை வைக்க வேண்டும், எவ்வளவு ஆரம் என்று சொல்வதே மதிப்பிட வேண்டிய திறன்.

அறிவுசார் குறைபாடு உள்ள மாணவருக்கு நிறுவல் எட்டாமல் போகலாம். அதற்காக அவரைக் கடைசி வரிசையில் படம் வண்ணம் தீட்ட விட வேண்டியதில்லை. கொத்தனார்கள் கட்டடத்துக்கு மூலைமட்டம் பார்க்கும்போது, ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பது வழக்கம். இதே வேலையைப் பள்ளி மைதானத்தில் அவர் தன் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து செய்யலாம். பாடம் ஒன்றே, இலக்கு மாறியுள்ளது. அவருக்கு அது பின்னாளில் ஒரு தொழிலுக்கான அறிமுகமாகவும் அமையக்கூடும்.

தமிழ் எழுத்தும் வாசிப்புத் தடையும்

கற்றல் குறைபாடு பற்றிய நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தமின்மையே பெரிய சிக்கல். தமிழில் சிக்கல் வேறு இடங்களில் இருப்பதால், அந்நூல்களின் பயிற்சிகளை அப்படியே எடுத்துக் கையாள்வது பயன் தராது.

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் இருந்தாலும், வடிவங்கள் ஒழுங்கான குறிகளால் ஆனவை. ஆனால் அக்குறிகள் நிற்கும் இடம் ஒலி வரிசையோடு ஒத்துப்போவதில்லை. 'கெ' என்பதில் ககர ஒலி முதலில் வருகிறது. கண்ணோ ஒற்றைக் கொம்பை முதலில் காண்கிறது. 'கொ' என்பதில் உயிரொலியின் குறி மெய்யின் இரு புறமும் நிற்கிறது. வாசிப்பில் தடுமாறும் பிள்ளை இவ்விடங்களில் நின்றுவிடுவது இயல்பு. ண, ன, ந என்னும் மூன்றும், ல, ள, ழ என்னும் மூன்றும், ர, ற என்னும் இரண்டும் பல வட்டாரப் பேச்சில் வேறுபாடின்றி ஒலிப்பதால், காதால் கேட்டு எழுத்தைத் தீர்மானிக்க முடியாது. ககரம் ஒன்றே 'கல்', 'தங்கம்', 'பகல்' ஆகியவற்றில் மூன்று விதமாக ஒலிக்கிறது. புணர்ச்சியால் சொற்கள் நீண்டுவிடுவதும் உண்டு. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது ஒரே சொல்லாக அச்சில் நிற்கும்.

உயர்நிலை வகுப்பில் இதற்கான கலைத்திட்டம் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது அன்று. நீண்ட சொற்களை மெல்லிய கோட்டால் பிரித்துக் காட்டுதல், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக் கொம்பு எழுத்துகளுக்குத் தனிப் பயிற்சி, செய்யுளைப் பதம் பிரித்து ஒலிப்பதிவில் கேட்டபின் வாசித்தல் போன்றவை போதுமானவை. அறிவியல், சமூக அறிவியல் விடைத்தாள்களில் ணகர, னகரப் பிழைக்காகக் கருத்து மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது என்று பள்ளியே முடிவு செய்துகொள்ளலாம். ஒரு சுவையான செய்தி: பாரதி பிரெய்ல் முறையில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னரே வருவதால், பார்வையற்ற மாணவர் 'கெ', 'கொ' ஆகியவற்றை ஒலிக்கும் வரிசையிலேயே வாசிக்கிறார்.

ஆட்டிசம் உள்ள மாணவர் பலருக்குத் தமிழ்ப் பாடத்தில் வேறொரு இடர் உண்டு. 'கை கொடுத்தான்', 'தலையில் கல்லைத் தூக்கிப் போட்டான்' போன்ற மரபுத்தொடர்களை அவர்கள் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்வர். இவற்றைத் தொகுத்துத் தனி அகராதி போல அவரே எழுதிக்கொள்ளும்படி செய்வது நல்ல முறை. 'உன் கருத்தை எழுதுக' என்னும் வினாவைவிட 'இதற்கு இரண்டு காரணங்கள் எழுதுக' என்பது அவருக்குத் தெளிவானது. பாடவேளை மாறப் போகிறது என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தனிநபர் கல்வித் திட்டம்

ஒவ்வொரு மாணவருக்கும் தனியே எழுதப்படும் ஆவணமே தனிநபர் கல்வித் திட்டம். 1975-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. பின்னர் பல நாடுகளிலும் பரவியது. மாணவரின் இன்றைய நிலை, ஓராண்டு இலக்கு, அதற்கான சிறு இலக்குகள், யார் எதைச் செய்வது, எப்போது சரிபார்ப்பது ஆகியவை இதில் இருக்கும்.

இத்திட்டத்தின் தரம் அதில் எழுதப்படும் வாக்கியத்தில் தெரியும். 'கணிதத்தில் முன்னேற்றம் காண்பார்' என்று எழுதினால், முன்னேறினாரா இல்லையா என்பதை ஆண்டு இறுதியில் யாராலும் சொல்ல முடியாது. 'டிசம்பர் மாத முடிவுக்குள், 500 ரூபாய் வரையிலான மளிகைப் பட்டியலைத் தானே கூட்டி, மீதிச் சில்லறையை ஐந்து முறையில் நான்கு முறை சரியாகச் சொல்வார்' என்று எழுதினால் சரிபார்க்கலாம். இன்றைய நிலையை எழுதும்போதும் முடியாதவற்றை மட்டும் அடுக்குவது போதாது. பேருந்து எண்களை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு, வாசிப்பை அங்கிருந்தே தொடங்கலாம் என்பது முடிந்தவற்றை எழுதியவருக்கே தோன்றும்.

திட்டம் எழுதும் கூட்டத்தில் தலைமையாசிரியர், பாட ஆசிரியர்கள், சிறப்பாசிரியர், பெற்றோர் ஆகியோர் இருக்க வேண்டும். மாணவரும் இருக்க வேண்டும். பதினைந்து வயதுள்ள ஒருவரைப் பற்றி அவர் இல்லாமல் முடிவெடுப்பது முறையன்று. பேச இயலாதவராயினும் படம் காட்டியோ தலையசைப்பாலோ தம் விருப்பத்தைத் தெரிவிக்க முடியும். தமிழ்நாட்டில் சிறப்பாசிரியர்கள் வட்டார வள மையத்தைச் சார்ந்து பல பள்ளிகளுக்குச் சென்று வருகின்றனர். எனவே அவர் வராத நாள்களில் திட்டத்தை நடத்துபவர் பாட ஆசிரியரே. ஐந்து ஆசிரியர்களும் ஒரே பார்வையில் படிக்கத்தக்க ஒரு பக்கச் சுருக்கம் இருந்தால்தான் இது நடக்கும். பத்துப் பக்கக் கோப்பு அலமாரியில்தான் இருக்கும். இரண்டாண்டு பி.எட். படிப்பில் உள்ளடங்கிய பள்ளி பற்றிய ஒரு தாள் இப்போது இருப்பதால், புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு இச்சொற்களாவது அறிமுகமாகியுள்ளன.

கால அட்டவணை

சிறப்புத் தேவையுள்ள மாணவர் மற்றவர் கற்பதை எல்லாம் கற்பதோடு, மற்றவர் கற்கத் தேவையில்லாத சிலவற்றையும் கற்க வேண்டியுள்ளது. பார்வையற்ற மாணவருக்குப் பிரெய்ல், வெள்ளைக்கோல் நடை, திரைவாசிப்பு மென்பொருள், தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளுதல் ஆகியவை தேவை. அமெரிக்கக் கல்வியாளர் பில் ஹாட்லன் 1996-இல் இவற்றைப் பல பகுதிகளாக வகுத்து, 'விரிவாக்கப்பட்ட மையக் கலைத்திட்டம்' என்று பெயரிட்டார். தோழர்களைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இம்மாணவருக்கு இல்லாததால், இவற்றைப் பாடமாகவே கற்பிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நாளுக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 5 நாள் என்றால் 40 பாடவேளைகள் மட்டுமே உள்ளன. இக்கூடுதல் பயிற்சிகள் எங்கே நுழையும்? பல பள்ளிகளில் விளையாட்டு, ஓவியம், இசை ஆகிய வேளைகளே இதற்கு எடுக்கப்படுகின்றன. இது வசதியான ஏற்பாடு, ஆனால் தவறானது. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்துப் பழகும் நேரமே பறிபோகிறது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு ஓவியம் ஒன்றே தலைநிமிர்ந்து நிற்கும் இடமாக இருக்கலாம். மொழி விலக்குப் பெற்ற மாணவருக்கு அம்மொழிக்கான பாடவேளைகள் வெறுமையாகக் கிடைக்கின்றன. அந்நேரத்தில் அவரை நூலகத்தில் சும்மா உட்கார வைப்பதைவிட, இப்பயிற்சிகளை அங்கே வைக்கலாம். அதற்கு முதல் பருவத்திலேயே அட்டவணையில் இடம் குறிக்க வேண்டும்.

மொழி விலக்கு

செவித்திறன் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்றவை உள்ள மாணவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு பெற வழியுண்டு. பலருக்கு இதுவே தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடையிலான வேறுபாடு. ஆயினும் எந்த மொழியை விடுவது என்பது பதினான்கு வயதில் எடுக்கப்படும் பெரிய முடிவு. ஆங்கிலத்தை விட்டால் பின்னாளில் கணினி, பாலிடெக்னிக், கல்லூரிப் பாடங்களில் இடர் வரலாம். தமிழை விட்டால் அரசு அலுவலகக் கடிதத்தையும் வீட்டுக்கு வரும் அழைப்பிதழையும் படிக்கப் பிறரை நாட வேண்டியிருக்கும். சில பெற்றோர் விலக்குக் கிடைக்கும் என்பதையே பத்தாம் வகுப்பின் இறுதியில்தான் அறிகின்றனர். வேறு சிலர், விலக்கு என்றால் அம்மொழியை இனிக் கற்கவே வேண்டாம் என்று புரிந்துகொள்கின்றனர். தேர்வு எழுதுவதிலிருந்துதான் விலக்கு. எளிய வாசிப்பு அளவிலாவது அம்மொழியைத் தொடர்வதைத் தனிநபர் திட்டத்தில் சேர்க்கலாம்.

மதிப்பீடு

மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய் நேரம் தர வேண்டும் என்கின்றன. 3 மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரம் ஆகும். சொல்வதை எழுதுபவர் இன்னொரு பெரிய வசதி. இவ்விரண்டையும் பெறுவதற்கு மருத்துவச் சான்று முதலிய ஆவணங்கள் உரிய காலத்தில் அனுப்பப்பட வேண்டும் என்பதைப் பள்ளிகள் அறிந்துள்ளன. பலரும் அறியாதது, இவற்றைப் பயன்படுத்துவதும் ஒரு திறன் என்பது. அதுவரை தானே எழுதியோ பிரெய்லில் எழுதியோ பழகிய மாணவர், பொதுத்தேர்வு அறையில்தான் முதன்முதலாக ஓர் அந்நியரிடம் விடை சொல்கிறார். எவ்வளவு வேகமாகச் சொல்வது, எங்கே நிறுத்துவது, சொன்னதைத் திரும்பப் படிக்கச் சொல்வது எப்படி, வரைபடத்தை வார்த்தையால் சொல்வது எப்படி, எழுதுபவருக்குத் தெரியாத கலைச்சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்வது எப்படி என்பவை பயிற்சியால் மட்டுமே வரும். ஒன்பதாம் வகுப்பு முதல் பருவத்திலிருந்தே வகுப்புத் தேர்வுகளை இம்முறையில் நடத்துவது நல்லது. நான்கு மணி நேரம் அமர்ந்திருப்பதும் எளிதன்று. மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு இடையில் கழிவறைக்குச் செல்லவும் சாய்ந்து இளைப்பாறவும் ஏற்பாடு தேவை.

மாற்று வழிகளும் பள்ளிக்குப் பின்னும்

மாநிலப் பாடத்திட்டத்தை எவ்வளவு தகவமைத்தாலும் அறிவுசார் குறைபாடு மிகுந்த சிலருக்கு அது பொருந்தாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகளையும், பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வையும் நடத்துகிறது. பாடங்களை மாணவரே தெரிவு செய்யலாம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம், மதிப்பீடு, சிகிச்சை, பயிற்சி ஆகியவற்றில் பெற்றோருக்கு வழிகாட்டுகிறது.

எந்த வழியானாலும் பாடப்பொருள் மாணவரின் வயதுக்குப் பொருந்த வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் படப் புத்தகத்தைக் கொடுத்தால் அதன் தோழர்கள் சிரிப்பார்கள். பிள்ளைக்கும் அது புரியும். அதே சொற்களைக் கடைப் பெயர்ப்பலகை, பேருந்துப் பலகை, உணவக விலைப்பட்டியல், செல்பேசிக் குறுஞ்செய்தி ஆகியவற்றிலிருந்து கற்பிக்கலாம். மாதவிடாய்த் தூய்மை, தீண்டலில் நல்லது கெட்டது அறிதல், 'வேண்டாம்' என்று சொல்லுதல் ஆகியவை இவ்வயதில் விடுபடக் கூடாதவை. கூச்சத்தால் இவை முதலில் விடுபடுகின்றன.

பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்கும், அரசு வேலையில் 4 விழுக்காட்டுக்கும் குறையாத இடஒதுக்கீட்டை அளிக்கிறது. அவ்விடங்களுக்குப் போட்டியிட மாணவருக்கு எந்தப் பாடங்கள் வேண்டும், பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு, அல்லது தொழிற்பயிற்சி நிலையத்தில் எந்தத் தொழில் என்பதைப் பார்த்தபின் மொழி விலக்கையும் பாட மாற்றத்தையும் முடிவு செய்வது பொருத்தம். அடுத்துச் சேரும் நிறுவனத்துக்கு மாற்றுச் சான்றிதழோடு தனிநபர் கல்வித் திட்டத்தின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் பெற்றோர் கையில் கொடுத்தனுப்பினால், எந்தப் பக்கம் அமர்ந்தால் கேட்கும் என்பதை அங்குள்ள ஆசிரியர்கள் முதல் நாளே அறிந்துகொள்வர்.